ஃபிரிட்ஜில் ஓர் ஓரம்

பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர்கள் சமையலறை ஜன்னலும் என்னுடையதும் முகத்தோடு முகம் பார்க்கின்றன. நான் என்ன, கண்ணை மூடிக்கொண்டா பாத்திரம் தேய்க்க முடியும்?

அந்த ஃபிரிட்ஜை வாங்கியது தையல் ஃபேக்டரிக்குப் போகும் மருமகள். ஆள்வது மாமியார். மேல் தட்டில் முட்டை, நடுத்தட்டில் கோழி, கீழே பால், எல்லாம் சின்ன மகனுக்கு. உடம்பு ஏற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லாததால் தெருவே அவனைப் பயில்வான் என்கிறது. மருமகள் சர்க்கரை வியாதிக்காரி. அவளுடைய இன்சுலின் பாட்டில்களுக்குக் கதவில் ஓர் ஓரம் கிடைத்திருந்தது.

பயில்வானுக்கு ஏதோ போட்டி வந்தது. முட்டை இரட்டிப்பானது.

அன்று ஷிஃப்டுக்கு ஓடிய அவசரத்தில் மருமகள் காலை ஊசியைப் போடவில்லை. மாலை வந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாள். அவள் ஓரத்தில் முட்டைகள்.

"அத்தை, என் மருந்து எங்க?"

"ஃபிரீசர்ல. முட்டைக்கு இடம் வேணாமா? இன்னும் ஜில்லுனு இருந்தா நல்லதுதானே?"

இரண்டு பாட்டிலும் கல்லாகக் கிடந்தன.

"உறைஞ்சா இது வீண், அத்தை!"

"உருகினா சரியாப்போகும். நான் கறியை உருக்கலையா?"

"என் சம்பளத்துல குடுங்க, புதுசு வாங்கிக்கறேன்."

"அது தம்பியோட சத்துமாவுக்குப் போயாச்சு."

அவள் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க..."

"நாளைக்குப் பார்க்கலாம். இப்ப அம்மாகிட்ட வம்பு வேணாம்," என்றார் அந்த மகானுபாவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் பாட்டிலை உள்ளங்கைக்குள் உருட்டி உருக்கினாள். உள்ளே பால் திரிந்தாற்போல் துணுக்குகள்.

"அடியே, அதைப் போடாதே!" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

"வேற இருந்தா குடுங்கக்கா," என்றாள், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே. "கொஞ்சமாவது வேலை செய்யாதா?"

"செய்யாது, உயிருக்கே ஆபத்து. இரு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

"போனா ராத்திரிச் சமையல்?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் ஜன்னலைச் சாத்தினாள். சாத்துவதற்குள் பார்த்துவிட்டேன்: ஊசி தோலுக்குள் இறங்கிவிட்டது.

செருப்புகூடப் போடாமல் ஓடி அவர்கள் கதவைத் தட்டினேன், உதைத்தேன். தாழ் போட்டிருந்தது. உள்ளே எண்ணெய் காய்ந்து, கோழி வறுபடும் சத்தம் மட்டும் கேட்டது.