ஜெசீமா வீட்டுப் பித்ரா அரிசி

கல்முனைக்குடியில் இடியப்பம் அவித்து விற்கும் ஜெசீமாவுக்கு இந்த வருசம் கை கொஞ்சம் நிமிர்ந்தது. ‘எனக்கு இனி அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம் வேண்டாம், நான் இப்போது ஏழையில்லை’ என்று கடிதமும் எழுதிவிட்டாள். பெருநாள் கழிந்ததும் அதைப் பிரதேச செயலகக் கந்தோரில் கொடுப்பதுதான் மிச்சம், மக்காள்.

அந்தத் தெம்பில், நோன்பின் கடைசி நாள் பின்னேரம், பெருநாளுக்கு முன் ஏழைகளுக்குக் கொடுக்கும் பித்ரா அரிசியை முதல்முறையாக அளந்தாள். இடியப்ப மா வந்த பையில் போட்டு, சிவப்பு நாடாவால் கட்டிப் பள்ளிவாசலுக்கு அனுப்பினாள். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. அரிசி பங்கிடும் லத்தீப் காக்கா அதே பையைச் சைக்கிளில் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கினார்.

“காக்கா, இது நான் குடுத்த அரிசி.”

“இரிக்கட்டும் தங்கச்சி. ஏழைகள்ர லிஸ்ட்ல ஒங்கட பேரும் இரிக்கி. குடுத்தவங்க எடுக்கக் கூடா எண்டு ஆரு சொன்ன?”

தகர வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு றாஹிலா சிரித்தாள். அவளும் அஸ்வெசும எடுப்பவள்தான்.

“பாத்தியா? அந்தக் கடிதத்தக் கிழிச்சுப் போடு புள்ள. ரெண்டு கிழம அடமழ பெஞ்சா ஒண்ட இடியப்பத்த ஆரு வாங்குவா?”

ஜெசீமா பையைத் தூக்கி வேலிக்கு மேலால் நீட்டினாள். “அப்ப இத நீங்க எடுங்க ராத்தா.”

றாஹிலாவின் முகம் சுருங்கியது. “எனக்கா? நான் என்ன ஏழையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெசீமா பையை இடுப்பில் வைத்தபடி அங்கேயே நின்றாள். அரிசியை அடுப்படிக்குக் கொண்டுபோவதா, திரும்பப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோவதா? கடிதத்தில் எழுதிய ‘ஏழையில்லை’ என்ற அந்த வரி சரியா பிழையா என்று அவளுக்கு இப்போது விளங்கவே இல்லை.