மூன்றாம் மாடியின் ஒன்பதாவது பெட்டி

சிக்னல் என்றால்தான் அந்த அலுவலகத்தில் அவனை எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரை வேண்டுமானால் அடையாள அட்டையில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். நாலு மாடிக் கட்டடம், அறுநூறு பேர். அத்தனை பேருக்கும் அறுந்து போகாத வைஃபை போட்டுக் கொடுக்க வந்த இன்ஜினியர் அவன். சும்மா சொல்லக் கூடாது, தொழிலில் கெட்டிக்காரன். மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஒரு வாரம் கட்டடம் முழுக்க நடந்தான். எந்தச் சுவர் சிக்னலைத் தின்கிறது, எந்த இரும்பு அலமாரி மறைக்கிறது, எந்த அறையில் ஒரே நேரத்தில் ஐம்பது பேர் கூடுவார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டான். வைஃபை பெட்டி கூடக் கூட நல்லது என்று நினைப்பவர்களைக் கண்டால் அவனுக்குச் சிரிப்பு வரும். ஓர் அறையில் பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? மாடிக்கு ஒன்பது பெட்டி, அதற்கு ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இந்தக் கட்டடம் வெறும் வெள்ளோட்டம்தான். சொன்ன தேதிக்குள் முடித்து, ஒவ்வொரு பிரிவுப் பொறுப்பாளரிடமும் 'குறையில்லை' என்று கையெழுத்து வாங்கிவிட்டால் மற்ற ஏழு கிளைகளும் அவன் கைக்கு வரும். அதனால்தான் அந்த வேகம். முதலில் எல்லாத் துளையையும் போட்டுவிட வேண்டும், பிறகு எல்லாப் பெட்டியையும் மாட்ட வேண்டும், கடைசியில்தான் கேபிள். ஒரு வேலைக்கு ஒரு மாடியில் ஒரு தடவைதான் ஏணி ஏற வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். ஏணியில் ஏறியவர் அவனுடைய மனைவியின் அண்ணன். துளை போடுவதில் புலி, அதை மூடுவதில் பூனை.

மூன்றாம் மாடியில் எட்டுப் பெட்டிக்குக் கேபிள் சரியாக வந்தது. ஒன்பதாவதற்குக் கேபிள் சுருள் தீர்ந்துவிட்டது. புதுச் சுருள் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஒன்பதாவது பெட்டி கேபிளும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் சீலிங்கில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு நேர் கீழே பெரியக்காவின் மேசை.

வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவர் பெரியக்கா. மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவர் பெரியக்காதான். பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றதும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் அந்த நாற்காலியை அவருக்கே நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று கேன்டீன்காரருக்குக்கூடத் தெரியும்.

"தம்பி, இங்க கொஞ்சம் வாப்பா" என்று ஒருநாள் கூப்பிட்டார். "என் தலைக்கு மேல என்னத்தையோ மாட்டிட்டுப் போனியே, அன்னையிலேர்ந்து மண்டை பிளக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"அக்கா, அதோட அளவு, கதிர்வீச்சு எல்லாம்..." என்று மடிக்கணினியைத் திருப்பினான்.

"கேள்வி கேட்டா பதில் சொல்லு, படம் காட்டாத. இப்படிப் படம் காட்டியே எங்க மேனேஜரை மயக்கிட்ட, என்னை மயக்க முடியாது."

பிரிவே கொல்லென்று சிரித்தது. சிக்னலுக்குக் காது மடல் சுட்டது. 'அதுக்கு இன்னும் கரன்டே குடுக்கலக்கா' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் அதை விழுங்கினான்.

"வௌக்குகூட எரியலையே, வேலை செய்யுதா இல்லையா?" என்று அவரே கேட்டார்.

"கண்ணை உறுத்தும்னு வௌக்கை மட்டும் அணைச்சு வெச்சிருக்கோம்கா. எப்பெப்ப வலிக்குதுன்னு தேதி, நேரம் போட்டு எழுதித் தாங்க. நான் பாக்குறேன்."

"அப்படிப் பேசு. அந்தப் பெட்டி இருக்கிற வரைக்கும் என் கையெழுத்து கிடையாது."

கீழே வந்து மச்சானிடம் சொன்னபோது அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "செத்த பெட்டிக்குத் தலைவலியா! சொல்லித் தொலைச்சிராதீங்க மாப்பிள்ளை. எவ்வளவு தூரம் போகுதுன்னு பாப்போம்."

போனது. சிக்னல் பெட்டியை ஆறடி தள்ளி மாட்டினான். "இப்பதான்பா உயிர் வந்துச்சு" என்றார் பெரியக்கா. இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. பக்கத்து மேசைப் பெண்ணும் தனக்கும் தலை கனக்கிறது என்றாள். பெரியக்கா நம்பி எழுதினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோடு போட்டு, தேதி, மணி, எத்தனை நேரம், என்ன மாதிரி வலி என்று. ஒரு ஓரத்தில், 'கருகின வாடையும் வருகிறது' என்றும்.

மேனேஜர் கூட்டம் போட்டார். எல்லாப் பிரிவுக்காரர்களும் இருந்தார்கள். "மூணாவது மாடி மட்டும் ஏன் முடியல?" என்று மேனேஜர் கேட்டார்.

சிக்னல் எழுந்து அந்தத் தாளை ஒரு வரி விடாமல் படித்தான். பதினேழு வரி. படிக்கும்போது குரலில் எவ்வளவு கரிசனம் என்கிறீர்கள்! ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார் பெரியக்கா. தன் வலியை ஒருவன் இத்தனை பேர் நடுவில் மதித்துப் படிக்கிறானே என்று அவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

"பெட்டியைத் தள்ளி வெச்சதும் வலி நின்னுச்சு, இல்லக்கா?"

"ஆமா தம்பி. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சே."

"எல்லாரும் கேட்டுக்கங்க." அவன் ஒன்பதாவது பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். காலையில்தான் கழற்றியிருந்தான். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். கேபிள் சொருகும் வாயில் தொழிற்சாலை ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. "இதுக்கு இன்னைக்கு வரைக்கும் கனெக்‌ஷனே குடுக்கலைங்க. ஒரு நிமிஷம்கூட ஓடல."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் அறை அதிர்ந்தது. "கருகின வாடை வேற வந்துச்சாம்!" என்று ஒருத்தர் மேசையைத் தட்டினார். "அது அக்கா மூளை கருகுற வாடையா இருக்கும்" என்றார் இன்னொருத்தர். மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேசைப் பெண், தனக்கு ஒன்றுமே இல்லை, அக்கா சொன்னதால்தான் அப்படித் தோன்றியது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

பெரியக்கா மட்டும் அந்த ஸ்டிக்கரையே பார்த்தார். தொட்டுப் பார்த்தார். "ஆனா எனக்கு வலிச்சுதேப்பா" என்றார், ரொம்ப மெதுவாக. அதற்கும் சிரித்தார்கள்.

பெரியக்காவின் கையெழுத்து அன்றைக்கே விழுந்தது. பெரியக்கா ஒரே நாளில் பெட்டியக்கா ஆனார். யாருக்காவது தும்மல் வந்தால்கூட "கரன்ட் குடுத்தாச்சான்னு பாருங்க" என்பார்கள். அதற்குப் பிறகு அவர் தலைவலி என்று வாய் திறக்கவில்லை. திடீரென்று எழுந்து கழிப்பறைக்குப் போவார். முகம் கழுவி, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். யாராவது பார்த்தால் சிரிப்பார். மனசு தடுமாறுகிறவரிடம் ஒரு பிரிவையே எப்படிக் கொடுப்பது என்று மேனேஜர் யோசித்தார். நாற்காலி வேறு ஒருவருக்குப் போனது. பெரியக்கா பொறுப்புச் சாவியைக் கொடுத்துவிட்டு, பழைய மேசையிலேயே, ஒன்பதாவது பெட்டிக்காகப் போட்ட துளைக்கு நேர் கீழேயே உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் புதுச் சுருள் வந்தது. மச்சான் ஏணி ஏறி, பொய்ச் சீலிங்கின் பலகையை நகர்த்தி, உள்ளே தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"மாப்பிள்ளை, நீங்களே ஏறிப் பாருங்க."

சிக்னல் ஏறினான். கேபிளுக்காக வெளிச்சுவரில் போட்டு, மூடாமல் விட்ட துளை அப்படியே இருந்தது. ஆனால் அதன் விளிம்பைச் சுற்றிக் கன்னங்கரேலென்று கரி. சுவருக்கு அந்தப் பக்கம் குழாய்ச் சந்து, அதன் வழியாகத்தான் ஜெனரேட்டரின் புகைக்குழாய் மொட்டை மாடிக்கு ஏறுகிறது. துளைக்கு ஒரு சாண் தள்ளிக் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. ஜெனரேட்டர் ஓடினால் புகை நேராக இங்கேதான் வரும். அதை ஏசிக் காற்று கீழே தள்ளும்.

அவன் ஏணியிலிருந்து இறங்கிக் காவல் அறைக்குப் போனான். ஜெனரேட்டர் ஓடிய நேரத்தை எழுதி வைக்கும் நோட்டை வாங்கி, பெரியக்காவின் தாளோடு ஒட்டி வைத்துப் பார்த்தான். பதினேழுக்குப் பதினேழு. பெட்டியைத் தள்ளி மாட்டிய அந்த இரண்டு நாளும் கரன்ட் போகவே இல்லை.

"சொல்லிரலாமா?" என்றார் மச்சான். "அந்தம்மா பாவம்."

"யாரு துளையை மூடாம விட்டது?"

"நீங்கதானே அப்புறம் மூடிக்கலாம்னு..."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்லுவோம். ஏழு கிளையும் போகும். நம்ம மேல கேஸும் போடுவாங்க. உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மச்சான் தரையைப் பார்த்தார். "சிமென்ட் எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

கேபிளை இழுத்தார்கள். துளையைக் கச்சிதமாக அடைத்து, கரியைத் துடைத்து, மேலே வெள்ளை பூசினார்கள். புகைக்குழாய் இணைப்பை ஆள் வைத்து இறுக்கச் சொல்லிவிட்டார்கள், வழக்கமான பராமரிப்பு என்று. ஒன்பதாவது பெட்டி முதல் முறையாக உயிர் பெற்றது. வரைபடத்தில் அந்த மூலையும் பச்சையானது. பெரியக்காவின் தாளை சிக்னல் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டான்.

பத்து நாள் கழித்து, ஏழு கிளைக்கும் உத்தரவு வாங்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது, பெரியக்கா பின்னாலேயே வந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்."

"ஐயோ, என்னக்கா நீங்க..."

"இல்லப்பா. நீ சொன்னதுதான் சரி. பெட்டி நிஜமாவே ஓடுதே இப்ப, எனக்கு ஒண்ணுமே இல்ல. பத்து நாளா சுத்தமா இல்ல. அப்ப அது அத்தனையும் மனசுதானே? எம்பொண்ணு மனசு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. மாத்திரை குடுத்திருக்கார். போட்டா நாள் பூரா தூக்கமா வருது, கை நடுங்குது. ஆனா வலி நின்னுருச்சு பாரு." அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ படிச்சவன். உனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் விடாம சாப்பிடணுங்கிறார். நிறுத்திட்டா திரும்ப வந்துருமோன்னு பயமா இருக்கு. என்னப்பா பண்ணட்டும்?"

படியில் வேறு யாரும் இல்லை. சிக்னல் அவர் முகத்தைப் பார்க்காமல், பிடித்திருந்த கையைப் பார்த்தான். அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர் சொன்னபடி சாப்பிடுங்கக்கா" என்றான். "நடுவுல நிறுத்திராதீங்க."

"நல்லா இருப்பா" என்றார் பெரியக்கா.