அம்மாளுக்கு நேரே கால்

என் மனிசன் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு விரதம் என்றால் விரதம்தான். தேருக்கு முதல்நாள் இரவு தொடக்கம் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. "ஒரு வாய் தேத்தண்ணி எண்டாலும் குடியுங்கோ" என்று காலையில் கெஞ்சிப் பார்த்தேன். அவர் முறைத்த முறைப்பில் அந்தத் தேத்தண்ணியை நானே குடித்துவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டேன்.

உலகக் கிண்ணப் பந்தாட்டம் நடந்த 2006ஆம் வருடம் அது. ஜேர்மனியில் எங்கள் ஹம் நகரத்தில் அப்படியொரு வெயில். அம்மாள் தேரில் ஏறியாயிற்று, சனம் வடத்தில் கைவைத்தாயிற்று, ஐயர் மட்டும் பூசையை முடிப்பதாயில்லை. தெருவோரத்தில் தேரைப் பார்த்தபடி, தலைக்கு மேல் கைகூப்பி, இவர் நட்ட மரம்போல நின்றார். காலைக்கூட மாற்றி வைக்கவில்லை. திடீரென்று முகம் வெளுத்தது. கைகள் விழுந்தன. உடம்பு ஒருமுறை நடுங்கிச் சாய்ந்தது.

"அம்மாள் வந்திட்டா!" என்று கத்தினார் பக்கத்தில் நின்ற அரியரத்தினம் அண்ணை.

நாலு பேர் கமக்கட்டில் பிடித்து இவரைத் தூக்கி நிறுத்தினார்கள். திருநீறு பூசினார்கள், அரோகரா சொன்னார்கள். இவருடைய தலை நெஞ்சில் தொங்கியது. உதட்டில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

சனத்தை இடித்துக்கொண்டு வந்தாள் எங்கள் மகள் சிவப்பிரியா. அப்போது ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள், இரண்டாம் வருடம். "டொக்டருக்குப் படிக்க விடேல்லையோ?" என்று கேட்டு என் வாயைக் கிளறுகிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

"விடுங்கோ! கீழை கிடத்துங்கோ!"

"சாமி வந்த ஆளைக் கிடத்தக் கூடாது பிள்ளை" என்றார் அரியரத்தினம் அண்ணை.

"சாமி இல்லை மாமா, மயக்கம். அசையாமல் நிண்டு ரத்தமெல்லாம் காலுக்குள்ளை தேங்கிப்போச்சு. அது நெஞ்சுக்குத் திரும்பி வந்தால்தானே தலைக்குப் போகும்? நீங்கள் நிமித்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் எப்பிடி வரும்?"

அவள் போட்ட அதட்டலில் பிடித்திருந்த கைகள் தாமாகத் தளர்ந்தன. புல்லில் கிடத்தினார்கள். அவள் முழங்காலில் நின்றுகொண்டு, தகப்பனின் கால் இரண்டையும் தூக்கித் தன் தோளில் வைத்தாள். இரண்டு பாதமும் தேருக்கு நேரே.

"அம்மாளுக்குக் காலை நீட்டுறதோ! இறக்கு பிள்ளை!" அரியரத்தினம் அண்ணை குனிந்து காலைப் பிடித்து இழுக்கப் போனார். சிவப்பிரியா என்னைப் பார்த்தாள். வீட்டில் சாமிப்படம் இருக்கும் பக்கம் கால்நீட்டிப் படுக்காதவள் நான். ஆனால் அந்த நேரம் குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

"கையை எடுங்கோ அண்ணை. அம்மாளுக்குக் கோவம் வந்தால் என்னோடை கோவிக்கட்டும். என்ர பிள்ளை சொல்லுறபடி விடுங்கோ."

கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் வந்தது. கண் திறந்தார். முதலில் தன் பாதங்களையும் அவற்றுக்கு அப்பால் அம்மாளையும்தான் கண்டார். பதறிப்போனார்.

"ஐயோ, காலை இறக்கு பிள்ளை!"

"இப்ப ஏலாது அப்பா. பேசாமல் படுங்கோ."

இந்த மனிசனிடம் 'ஏலாது' என்று சொன்ன ஆளை எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை. தலையைத் திரும்பப் புல்லில் சாய்த்துப் படுத்தார். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது, அழுகையும் வந்தது.

மணி அடித்தது, தேர் அசைந்தது. கால் இரண்டும் மகளின் தோளில் இருக்க, இவர் கிடந்தபடியே கைகூப்பினார். சனமெல்லாம் அம்மாளைப் பார்த்து அரோகரா என்றது. நான் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.