அடுப்படியில் கேட்காத கேள்வி

ஹனீபின் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், மாத்திரைச் சீட்டின் கடைசி வரியில் "ஓய்வு, கடல் காற்று" என்று எழுதியிருந்தார். ஹனீப் டிரினிடாடில் முப்பத்தோரு வருஷம் சாக்வானாஸுக்கும் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் நடுவில் மேக்ஸி டாக்ஸி எனும் வாடகை வேன் ஓட்டியவர். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் யாரோ திட்டிவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டொபேகோ போகலாங்க. அஞ்சே நாள்" என்றாள் அவர் மனைவி ஜொரீதா.

டிரினிடாடில் பிறந்து வளர்ந்து ஐம்பது தாண்டியும், பக்கத்துத் தீவான டொபேகோவில் அவர்கள் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் காலையில் போய் மாலையில் திரும்பியதோடு சரி.

ஹனீப் கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "எங்க வேணா கூட்டிட்டுப் போ. ஆனா வெளியூர்ல எப்பவும் பண்ற மாதிரி அங்க போயும் மத்தி டின்னை உடைச்சு ரொட்டியில தடவித் திங்க வைக்காத. அஞ்சு நாளும் எதையும் மோந்து பாக்காம, சந்தேகப்படாம, நிம்மதியா உக்காந்து சாப்பிடணும். அப்படி ஒரு ஓட்டல் பாரு, வர்றேன்."

அந்த வேலை ஜொரீதாவுக்குப் பிடித்தமானதுதான். உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் இருபது வருஷமாக விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அன்று மாலையே ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதினாள். கோழி யாரிடம் வாங்குகிறீர்கள்? எங்களுக்கென்று தனிச் சட்டி உண்டா? அறைக் குளிர்பெட்டியில் மது இருக்குமா? தொழுகைக்குத் திசை காட்ட முடியுமா? நீச்சல் குளத்தில் பெண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குவீர்களா?

மருமகள் கெர்லின் தோளுக்குப் பின்னால் நின்று தாளைப் படித்தாள். அவள் டொபேகோக்காரி. தீவின் வடகோடியில் சார்லட்வில் அவள் ஊர். மகன் ஷாஸிமைக் கட்டிக்கொள்ளும் முன்பு கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தவள். மூன்று வருஷத்தில் ஒரு நோன்பைத் தவறவிட்டதில்லை.

"மா, எங்கம்மா வீட்டு மாடியில ரெண்டு ரூம் வாடகைக்கு விடறாங்க. ஜன்னலைத் திறந்தா கடல்தான். நான் ஒரு வார்த்தை சொன்னா..."

"அவங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றாள் ஜொரீதா, மிக அன்பாக. "நாம போனா அவங்க பாவம் விழுந்து விழுந்து செய்வாங்க. ஓட்டல்னா யாருக்கும் கடமைப்பட வேண்டாம் பாரு."

கெர்லின் சரியென்று தலையாட்டிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். சொன்னது பாதி உண்மை என்பது ஜொரீதாவுக்கே தெரியும். கெர்லினின் அம்மா வெர்னா அடுப்பில் எது வேகும், எது வேகாது என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஓட்டல்காரனிடம் ஐந்து கேள்வி கேட்கலாம். சம்பந்தியிடம் எப்படிக் கேட்பது?

இரண்டு வாரம் போனும் கையுமாக இருந்தாள்.

"ஹலாலா?" என்றாள் ஒரு ஓட்டல் பெண். "ஹால் இருக்குங்க. இருநூறு பேர் உக்காரலாம். கல்யாணமா, பிறந்தநாளா?"

இன்னொருவன், "நாங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி பண்றோம் மேடம், பாகுபாடே கிடையாது" என்று பெருமையாகச் சொன்னான். மூன்றாவது இடத்தில் ஒரு மனிதர் ரொம்ப யோசித்துவிட்டு, "மீன் குடுக்கறோம். மீன் எந்த மதத்துக்கும் ஆகும்" என்றார். ஹனீப் பக்கத்தில் படுத்தபடி இதையெல்லாம் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரிப்பது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவள் இன்னும் நாலு இடத்துக்கு போன் போட்டாள்.

கடைசியில் தெற்குக் கரையில் ஒன்று அகப்பட்டது. அவர்கள் இணையப் பக்கத்திலேயே பச்சை எழுத்தில் 'முஸ்லிம் விருந்தினருக்கு உகந்தது' என்று போட்டிருந்தது. மேனேஜர் இளைஞன், குரலில் அவ்வளவு மரியாதை. ஐந்து கேள்விக்கும் தயங்காமல் "ஆமா மேடம்" என்றான். "பன்றிக்கறி எங்க மெனுவிலயே கிடையாது" என்று கேட்காத ஆறாவது கேள்விக்கும் பதில் சொன்னான். ஜொரீதா தாளில் ஐந்து டிக் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தாள்.

மகனும் மருமகளும் சேர்ந்துகொள்ள, நால்வரும் காலைக் கப்பலில் காரோடு போய் இறங்கினார்கள். ஓட்டல் சொன்னபடிதான் இருந்தது. குளிர்பெட்டியில் தண்ணீரும் பழரசமும் மட்டுமே. மேஜை இழுப்பறைக்குள் தொழுகைத் திசை காட்டும் கிப்லா அம்பு ஒட்டியிருந்தது. பெண்களின் நீச்சல் நேரம் எழுதிய அட்டை கதவில் தொங்கியது. ஹனீப் பால்கனியில் நின்று கடலைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களை மிரட்டற மாதிரி இவனையும் மிரட்டியிருக்க" என்றார்.

சாயங்காலச் சாப்பாட்டில் பொரித்த கோழி, மக்ரோனி பை, வேகவைத்த பச்சை வாழை, பெரிய கிண்ணம் நிறையக் கலலூ. சேப்பங்கீரையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலில் குழைந்து பச்சையாக மினுங்கியது. ஹனீப் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். "நம்ம வீட்டுக் கலலூ மருந்து. இதுதான் கலலூ" என்று மனைவியைச் சீண்டினார். ஷாஸிம் கிண்ணத்தை வழித்தான். கெர்லின் ஒரு கரண்டி வாயில் வைத்தவள், கப்பல் ஆட்டத்தில் வயிறு சரியில்லை என்று தட்டைத் தள்ளிவைத்தாள்.

மறுநாள் விடியலில் சுபுஹு தொழுததும், ஹனீபின் மாத்திரைக்கு வெந்நீர் வாங்க ஜொரீதா ஃபிளாஸ்க்கோடு சமையலறைக்குப் போனாள். அங்கே ஆல்தியா என்ற சமையற்காரம்மா, அறுபது வயதிருக்கும், ஒரு பிளாஸ்டிக் வாளியில் உப்புத்தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள். வாளிக்குள் விரல் நீளத்துக்கு வெளிறிய துண்டுகள்.

"இது என்னங்க?" ஜொரீதா சும்மாதான் கேட்டாள்.

"பன்றிவால், கண்ணு. உப்பு இறங்கணும்ல, இப்பவே ஊறப்போட்டாத்தான் மத்தியானக் கலலூவுக்கு ஆகும்."

ஜொரீதா ஃபிளாஸ்க்கை மேஜைமேல் வைத்தாள். "நேத்து... நேத்து ராத்திரிக் கலலூவுலயும்?"

"பின்ன? அது இல்லாம கலலூவுக்கு ருசி எங்கேர்ந்து..." சொல்லிக்கொண்டே நிமிர்ந்த ஆல்தியா, எதிரே நின்றவளின் முக்காட்டை அப்போதுதான் பார்த்தாள். கையிலிருந்த வடிதட்டு வாளிக்குள் விழுந்தது. "கடவுளே. நீங்கதான் அந்த ஏழாம் நம்பர் ரூமா?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜொரீதாவை உட்காரவைத்தாள். பிறகு தானும் உட்கார்ந்துவிட்டாள்.

"மேனேஜர் எங்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு மேடம். முஸ்லிம் ஆளுங்க வர்றாங்க, கோழியை இந்தக் கடையில வாங்காம அந்தக் கடையில வாங்குன்னான். வாங்கினேன். புதுச் சட்டி குடுத்தான், அதுலதான் பொரிச்சேன். வாலை நாங்க கறின்னே நினைக்கறதில்லையே, உப்பு மாதிரி, மிளகாய் மாதிரி..." சட்டென்று அவள் குரலில் கோபம் ஏறியது. "நீங்க ஏன் எங்கிட்ட கேக்கல? ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாத பையன்கிட்ட கேட்டீங்க. அவன் எல்லாத்துக்கும் ஆமா சொல்லுவான், அதுக்குத்தானே அவனுக்குச் சம்பளம். ஒரு நிமிஷம் போனை இந்தப் பக்கம் குடுக்கச் சொல்லியிருந்தா, நான் இருக்கறதை இருக்குன்னு சொல்லியிருப்பேனே."

ஜொரீதா ஃபிளாஸ்க்கை எடுத்து நீட்டினாள். வெந்நீரை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அறைக்குப் போகும் வழியில் ஒரு பாதாம் மரத்தடியில் வெகு நேரம் நின்றாள். தெரியாமல் சாப்பிட்டதற்கு அல்லாஹ் குற்றம் பிடிக்க மாட்டான், அது அவளுக்குத் தெரியும். அப்படியானால் சொல்லாமலே விட்டுவிடலாமே. பழுதுபார்த்த நெஞ்சு அவருடையது. அஞ்சு நாள் நிம்மதியாகச் சாப்பிடணும் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஆனால் மத்தியானம் மறுபடியும் அந்தக் கிண்ணம் வரும். ஏதாவது காரணம் சொல்லித் தடுக்க வேண்டும். அதற்கு அடுத்த வேளைக்கு இன்னொரு காரணம். அவரை நிம்மதியாக வைத்திருக்க அவருக்கு எதிரே உட்கார்ந்து ஐந்து நாள் நடிக்க வேண்டும். அது தன்னால் ஆகாது என்று தோன்றியது.

ஹனீப் பால்கனியில் இருந்தார். ஷாஸிமும் கெர்லினும்கூட அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரையை விழுங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்து, "நான்தான் தேர்ந்தெடுத்தேன். என்மேல தப்பு" என்றாள்.

ஷாஸிம் எழுந்து மேனேஜரை ஒரு கை பார்ப்பதாகப் படியிறங்கினான். ஹனீப் குளியலறைக்குப் போய் வாய் கொப்பளித்தார், திரும்பத் திரும்ப. வெளியே வந்தபோது முகத்தில் தண்ணீர் சொட்டியது.

"சொல்லாமயே இருந்திருக்கலாம்ல நீ" என்றார்.

"இருந்திருக்கலாம்."

"சொல்லிட்டியே." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லதுதான். நாளைக்கு வேற யாராவது சொல்லி, உனக்கு முன்னாடியே தெரியும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, அது இதைவிட மோசம்" என்றார். கடலைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். "ரெண்டு தடவ போட்டுத் தின்னேனே பாவி."

ஜொரீதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் கெர்லினைப் பார்த்தாள். அவள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. பயந்துபோயிருந்தாள்.

"கெர்லின், நேத்து நீ கலலூ சாப்பிடலயே."

கெர்லின் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உனக்குத் தெரியும்."

"முதல் கரண்டியிலயே தெரிஞ்சிது மா." தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல."

"ஏம்மா சொல்லல? மாமாவைச் சாப்பிட விட்டுட்டுப் பாத்துட்டிருந்தியா?" கேட்டது ஜொரீதாதான். கேட்ட வேகம் அவளுக்கே உறைத்தது.

கெர்லின் நிமிர்ந்தாள். கண்ணில் நீர் இருந்தாலும் பேச்சு உடையவில்லை. "எப்படி மா சொல்லுவேன்? 'இதுல பன்றிவால் இருக்கு, எனக்கு ருசி தெரியும்'னா? மூணு வருஷமா, நான் ஒரு காலத்துல அதைச் சாப்பிட்டவங்கறது உங்களுக்கு ஞாபகம் வரக்கூடாதுன்னு பாத்துப் பாத்து நடக்கறேன். நீங்க என்னை எதுவும் சொன்னதில்ல. ஆனா எங்கம்மா குடுத்தனுப்பின தேங்காய் ரொட்டியை நீங்க பிரிக்காமயே பக்கத்து வீட்டுக்குக் குடுத்தீங்க. நான் மாடியிலேர்ந்து பாத்தேன். நேத்து நான் வாயைத் திறந்திருந்தா, நீங்க எல்லாரும் அப்ப என்னைப் பாக்கற பார்வை... அதை நினைச்சுத்தான் பேசாம இருந்துட்டேன். தப்புதான். மாமா, என்னை மன்னிச்சிருங்க."

ஹனீப் அவள் கோப்பையை எடுத்து நீட்டி, "தேநீர் ஆறுது, குடி" என்று மட்டும் சொன்னார்.

ஜொரீதா மருமகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மன்னிப்பு யார் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அந்த ரொட்டியில் பன்றிக்கொழுப்பு இருக்குமோ என்று சந்தேகம் வந்தது உண்மை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மனம் புண்படுமே என்று பெரிய மனது பண்ணி, கேட்காமலே புண்படுத்தியிருக்கிறாள்.

"உங்கம்மா நம்பரைப் போடு" என்றாள். "நான் பேசறேன்."

வெர்னா எடுத்த உடனே உருகிவிடவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "ஆக, ஓட்டல் கைவிட்டப்புறம் என் ஞாபகம் வந்திருக்கு" என்றாள்.

"ஆமா" என்றாள் ஜொரீதா. "முதல்லயே உங்களைக் கேட்டிருக்கணும். கேக்க வெக்கமா இருந்தது."

வெர்னா நேராக விஷயத்துக்கு வந்தாள். "சரி, நான் இருக்கறதைச் சொல்லிடறேன். என் வீட்டுல பன்றிக்கறி வேகும். கீழ ரூம்ல ரெண்டு விருந்தாளிங்க இருக்காங்க, ஞாயித்துக்கிழமை அவங்களுக்குச் செய்யறதா வாக்குக் குடுத்தாச்சு. அதை மாத்த மாட்டேன். மாடியில தனி அடுப்பு இருக்கு. சட்டி நீங்க கொண்டாங்க. மீன் எங்க வளைகுடாவுல கண்ணெதிர வலையிலேர்ந்து வரும். இவ்வளவுதான் என்னால முடியும். போதுமா?"

"போதும்" என்றாள் ஜொரீதா.

ஓட்டல் மேனேஜர் ஷாஸிமிடம் நூறு தடவை வருந்தி, மிச்ச நாளுக்கான பணத்தைத் திருப்பித் தந்தான். கிளம்பும்போது ஆல்தியா வாசல்வரை வந்து, கையில் பிடித்திருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜொரீதா அவளைக் கட்டிக்கொண்டாள். வழியில் ஸ்கார்பரோ ஊர்க் கடைத்தெருவில் இரண்டு சட்டியும் ஒரு கரண்டியும் வாங்கிக்கொண்டு, மலைவளைவுகளில் ஒன்றரை மணி நேரம் ஏறியிறங்கி சார்லட்வில் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று மாடி அடுப்பில் இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து மீன் குழம்பு வைத்தார்கள். "இது என்ன தூள்?" என்று ஜொரீதா கேட்டாள். "இந்த எண்ணெய்? இந்தப் புட்டியில?" வெர்னா ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டிப் பேர் சொன்னாள். முகம் சுளிக்கவில்லை. ஒரு புட்டியை மட்டும் தானாகவே கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "அதுல ரம் இருக்கு" என்றாள்.

"அந்தத் தேங்காய் ரொட்டி..." என்று ஜொரீதா ஆரம்பித்தாள்.

"வெண்ணெய்தான் போட்டேன். உங்களுக்காகவே கொழுப்பு போடல." வெர்னா மீனை மசாலாவில் புரட்டினாள். "ரொட்டி கொண்டுபோனவங்க கையிலயே மறுநாள் டப்பா கழுவி வந்தது. அவ்வளவு பெரிய ரொட்டியை ஒரே நாள்ல எந்த வீட்டுல தின்னு தீப்பாங்க? அப்பவே புரிஞ்சிது. ஒரு வருஷம் உங்க பேரைக்கூடச் சொல்லல நான்."

ஜொரீதா தலைகுனிந்தாள். வெர்னா அவளிடம் கத்தியை நீட்டி, வெங்காயம் நறுக்கச் சொன்னாள்.

ஹனீப் தினமும் காலையில் மீனவர்களோடு வலை இழுக்கப் போய், இழுக்க விடாததால் கரையில் உட்கார்ந்து அவர்களுக்கு யோசனை சொன்னார். மூச்சு வாங்காமல் நடந்தார். சாப்பிடும்போது எதையும் மோந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து கறி வேகும் வாசனை வந்தது. ஜொரீதா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். வெர்னா முன்பே சொன்னதுதான், குறைசொல்ல எதுவுமில்லை. திரும்பியபோது கெர்லின் கட்டிலில் அமர்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். இருவர் மட்டும்தான் அறையில்.

"சின்ன வயசுல ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு இந்த வாசனைதான் மா" என்றாள் கெர்லின், சாத்திய ஜன்னலைப் பார்த்தபடி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முன்பென்றால் ஜொரீதா காதில் விழாததுபோல வேறு பேச்சுக்குத் தாவியிருப்பாள். இப்போது வந்து கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள். "அப்பல்லாம் யார் யாரு சேந்து உக்காந்து சாப்பிடுவீங்க?"

கெர்லின் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு துவாலையை மடியில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.