தொடை வழியாக ஒரு வால்வு

போன வருடம் டாக்டர் சொன்னதில் ரஷீது பாயின் காதில் தங்கியது ஒன்றுதான்: நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாகச் சின்னக் குழாயை விட்டு, மனைவி ஷரீஃபுன்னிசாவின் இதயத்தில் புது வால்வைப் பொருத்திவிடலாம். சீக்கிரமே வீடு திரும்பலாம்.

நெஞ்சைப் பிளப்பதாகச் சொல்லித் தொலைத்திருந்தால், பயந்துபோய் மறுநாளே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். ஊசி போடுகிற மாதிரி வேலைதானே என்று, நோன்பு முடியட்டும் என்றார். நோன்பு முடிந்ததும், கடைசி மகள் நவ்ரீனின் நிக்காஹ் முடியட்டும் என்றாள் அவள். ராயபுரம் சந்துகளில் மூச்சு வாங்க வாங்க மாடிப்படி ஏறி, வீடு வீடாக அழைத்தாள்.

இன்று டாக்டர் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பாயிடம் மட்டும் பேசினார். இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, சிறுநீரகமும் கெட்டுவிட்டது. இனி வால்வு வைத்தும் பயனில்லை, இருக்கும்வரை மாத்திரைதான்.

ஆட்டோவில் ஏறியதும் அவள் கேட்டாள். "இன்னா சொன்னாரு?"

"ஒண்ணியும் பண்ண வேணாம்னுட்டாரு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாயிகினு வருதுன்னு சொல்லு! நான் கேட்ட துவா வீண் போவாதுன்னு சொன்னேன்ல? போற வழில கறி வாங்கிக்க. நவ்ரீனையும் மாப்ளையையும் வரச்சொல்லி பிரியாணி போட்றலாம்."

பாய் குனிந்து, வண்டியைக் கறிக்கடைப் பக்கம் விடச் சொன்னார்.