லிங்கேஸ்வரனின் வெள்ளிக்கிழமை வான்

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே, ஒரு வான் வண்டியின் கதை சொல்கிறேன்.

கடல்கடந்த லின்ஃபீல்ட் என்னும் ஊரில் லிங்கேஸ்வரன் தன் பழைய டீசல் வானை ஓட்டுவதே இல்லை, ஓடினால் தேயுமாம். வெள்ளிதோறும் அதற்குத் திருநீறு பூசி, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பார். வாகனப் பரிசோதனையில் அது கரும்புகை கக்கித் தோற்றது. இன்னொரு முறை தோற்றால் வானை விற்றுவிடுவதென்று மனைவி அஞ்சனா சொல்லிவிட்டாள்.

“நிக்க வச்சே உறுமவிட்டா கரிதான் படியும்லா. மோட்டர்வேயில, அந்தப் பெரிய நெடுஞ்சாலையில நல்லா ஓட்டுங்கண்ணே, கரி எரிஞ்சுபோகும்,” என்றார் மலேசியாக்கார மெக்கானிக் மணியம்.

“ஐயோ, மோட்டர்வேயோ!” என்று பதறினார் லிங்கேஸ்வரன்.

“சாமியே வருசத்துக்கு ஒருக்காத் தேரேறி வெளிக்கிடுறார். உங்கட வான் அவரிலும் பெரிசோ?” என்றாள் அஞ்சனா.

அவர் மோட்டர்வேயில் ஏறி, தூரத்து வெஸ்ட்கேட் வரை ஓட்டினார். பாதி வழியில் புகை அடங்கி, வான் துள்ளிப் பாய்ந்தது. பக்கத்தில் அஞ்சனா கடலை கொறித்தாள். மறுநாள் பரிசோதனையில் வான் தேறியது.

உங்கள் வீட்டாரும் நாலு இடம் போய்ச் சுகமாய்த் திரும்பட்டும், என் செல்லங்களே.