ஜூம் இல்லாத லென்ஸ்

வாய்க்கரிசி போட்ட கையை வடிவு இன்னும் இழுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு வேம்புலி கேட்டருகே நின்று குரல் கொடுத்தான்.

"யக்கா, இன்னொரு தபா போடச் சொல்றாரு. மொதல்ல போட்டது ஷேக் ஆயிடுச்சாம்."

சொல்லச் சொன்னவர் தெருவுக்கு எதிர்ப்பக்கம், எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார் மேடைமேல் நின்றிருந்தார். கோவிந்தராஜ். ஷாமியானாவுக்கடியில் கிடத்தப்பட்டிருந்த வடிவின் புருஷன் ஏகாம்பரத்தின் சொந்த அண்ணன். வேப்பம்பட்டு புகைப்படக் கலை மன்றத்தின் நிறுவனத் தலைவர். மன்றத்துக்கு நிறுவனர் இருந்தார், தலைவர் இருந்தார், உறுப்பினர்கள்தான் இனிமேல் வரவேண்டும். அவர் கழுத்தில் கேமரா தொங்கியது என்று சொல்வது தப்பு. முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் தொங்கியது, அதன் வாலில் கேமரா ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த லென்ஸால் அவர் எப்போதோ ஒரு மீன்கொத்தியைப் பிடித்திருந்தார். மன்றத்தின் அழைப்பிதழ், காலண்டர், அவர் வீட்டு கேட் என்று எங்கு பார்த்தாலும் அந்த ஒரே மீன்கொத்திதான் உட்கார்ந்திருந்தது.

தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவருகிற லென்ஸுக்குக் கிட்டே இருப்பவனைப் பிடிக்கத் தெரியாது. தம்பியின் தலைமாட்டில் நின்று பார்த்தார், மூக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கேட் வரைக்கும் பின்வாங்கினார், மூக்கோடு ஒரு காது சேர்ந்தது. அப்படியே பின்னால் போய்ப் போய், பறையடிப்பவர்களை விலக்கி, சாக்கடையைத் தாண்டி, மோட்டார் மேடையில் ஏறிய பிறகுதான் தம்பி முழுசாகக் கிடைத்தார். அங்கிருந்து கத்தினால் பறைச் சத்தத்தில் கேட்கவில்லை. அதனால் இடையில் வேம்புலி.

"கண்ணத் தொடைக்க வேணாமாம்க்கா. நேச்சுரலா கீதாம்."

வடிவு கையில் மிச்சமிருந்த அரிசியைத் தட்டிலேயே போட்டாள்.

"அவரு ஒரு தபாதான் செத்தாரு. நானும் ஒரு தபாதான் போடுவேன்னு சொல்லு."

வேம்புலி இதை அப்படியே எதிர்ப்பக்கம் சேர்க்கலாமா வேண்டாமா என்று திணறிக்கொண்டு நின்றான்.

முந்தின நாள் சாயங்காலம் ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை முடிந்து, ரயிலிறங்கி, நடந்து வந்தார். "நெஞ்ச இன்னாமோ அடைக்கற மாதிரி கீது, ஒரு டீ போடு வடிவு" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பால் பொங்கி வருவதற்குள் கூடத்தில் சத்தமே இல்லை. அவள் டம்ளரோடு வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லாமலே அவர் போயிருந்தார். அதற்கப்புறம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் கோவிந்தராஜிடம் கேட்டாள்.

"மாமா, நானும் சுடுகாடு வரிக்கும் வரேன்."

அவர் மேடையில் பேசுவதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதுதான் நமது மரபு. நீ கவலையே படாதே. அனைத்தையும் நான் பதிவு செய்கிறேன்." அதற்குமேல் அந்தத் தமிழ் அவருக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. "அப்பறமா ஊட்ல குந்திகினு பெர்சு பண்ணி பாத்துக்கோ. உன் புருசன் மூஞ்சில கீற மச்சம்கூட தெரியும்."

இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தவளுக்கு அந்த மச்சம் எங்கே இருக்கிறதென்று தெரியாதா? இப்போது எழுந்து உள்ளே போனாள்.

ஆரி எம்பிராய்டரி வேலை செய்யும் சட்டத்துக்குக் கீழே, ஜாக்கெட் துணிகளுக்கிடையில், அவளுடைய கேமரா பழைய துண்டில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

அதை வாங்கப் போன அன்றைக்கும் இதே கோவிந்தராஜ்தான் நிபுணராகக் கூட வந்தார். போனில் எடுத்தால் மெரூன் சிவப்பாகிறது, ஜரிகை மஞ்சள் சேறாகிறது, அம்பத்தூர் கஸ்டமர்கள் "படத்துல வேற மாதிரி இருந்துச்சே" என்று ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். நல்ல கேமராவே வாங்கிவிடலாம் என்று வடிவு முடிவு செய்தாள். "ஜாக்கெட்ட படம் புடிக்க டிஎஸ்எல்ஆரா?" என்று சொந்தபந்தம் சிரித்தது. கோவிந்தராஜ் மட்டும் சிரிக்கவில்லை, ரயிலேறியதிலிருந்து பாடம் எடுத்தார். ஆவடி வருவதற்குள் மெகாபிக்ஸல் முடிந்தது. பெரம்பூருக்குள் சென்சார் முடிந்தது. ஏகாம்பரம் ஜன்னலோரமாகத் தூங்கியே போனார்.

மவுண்ட் ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு பழைய கேமராக் கடை. கல்லாவில் நிஷா என்றொரு பெண். "பாடி சுமாரா இருந்தாலும் பரவால்ல ஆன்ட்டி, லென்ஸ நல்லதா பாருங்க" என்றாள். கோவிந்தராஜ் இருப்பதிலேயே நீளமான லென்ஸைக் கை காட்டினார். "இத்த வாங்கு. பெர்சா கீதுல்ல? நாலு பேரு மதிப்பான்."

வடிவு பையிலிருந்து ஒரு ஜாக்கெட் கையை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் விரித்தாள். கை மட்டும்தான், உடம்பு வீட்டில் தைக்கக் கிடந்தது. ஒவ்வொரு லென்ஸாக மாட்டச் சொல்லி அதையே எடுத்துப் பார்த்தாள். கேமராவோடு வரும் லென்ஸ் கடை வெளிச்சத்துக்குப் புள்ளி புள்ளியாகக் காட்டியது. நீள லென்ஸுக்கு அவள் தெருவில் போய் நிற்கவேண்டியிருந்தது. கடைசியில் நிஷா சின்னதாக, தைலடப்பா மாதிரி ஒன்றை மாட்டிக் கொடுத்தாள். ஐம்பது எம்எம். வடிவு பார்த்தாள். ஜரிகையின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எழுந்து நின்றது. மேஜைக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த கோவிந்தராஜ் ஒரு பழுப்புக் கறையாகக் கரைந்துபோயிருந்தார்.

"இன்னா இது, மாமாவையே காணோம்?"

"அபெர்ச்சர் நல்லா தொறக்கும் ஆன்ட்டி. நீங்க எத பாக்கறீங்களோ அது மட்டும் நிக்கும், பின்னாடி இருக்கறது கரைஞ்சிடும். ஆனா ஒண்ணு, இதுல ஜூம் கெடையாது."

கோவிந்தராஜ் துள்ளினார். "பாத்தியா! ஜூமே இல்லாத லென்ஸ வச்சிகினு இன்னா பண்ணுவ?"

அதுவரை ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஜூம் இல்லன்னா இன்னாண்ணாத்தே? அவளுக்குக் காலு கீது."

அந்தக் கேமராவோடு இப்போது வடிவு வாசலுக்கு வந்தபோது பறை நின்றுவிட்டது. ஒப்பாரியும் பாதியில் நின்றது.

"புருசன் கெடக்கறான், இவ இன்னாடி கேமராவத் தூக்கிகினு வரா?"

"அதிர்ச்சில புத்தி கலங்கிட்ச்சி, பாவம்."

மகள் ஷர்மிளா ஓடி வந்து முழங்கையைப் பிடித்தாள். "அம்மா, வேணாம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கண்ணு அதுக்குத்தான் கீது."

குனிந்தாள். ஏகாம்பரத்தின் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத்துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது விரலின் நகம் கறுப்பு. எப்போதோ லேத்தில் நசுங்கி, அப்புறம் வெளுக்கவே இல்லை. வடிவு கேமராப் பொத்தானை ஒருமுறை அமுக்கினாள். போதும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கோவிந்தராஜ் மோட்டார் மேடையைவிட்டு இறங்கினார். "மன்றத் தலைவர் நான் ஒருத்தன் நின்னுகினு கீறேன்!" என்று தொடங்கினார். எது எப்படிப் போனாலும் ஊர்வலம் தாமதமாகக்கூடாது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தியதில் அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று.

பூ ஜோடித்த தள்ளுவண்டி நகர்ந்தது. கோவிந்தராஜ் முன்னால் ஓடினார், திரும்பினார், லென்ஸைத் தூக்கினார், பின்பக்கமாகவே நடந்தார். மகன் இல்லாத வீட்டில் கொள்ளிச்சட்டி பிடிக்கவேண்டியவர் அவர். சட்டி இப்போதைக்கு வேம்புலி கையில் இருந்தது.

தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர். பெண்கள் வழக்கம்போல நின்றார்கள், ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து. வண்டி திரும்பி ஏரிப்பக்கம் இறங்கிற்று. வடிவு கேமராவைக் கண்ணில் வைத்தாள். உள்ளே ஏகாம்பரம் ஒரு சாமந்தி அளவுக்கு இருந்தார். பிறகு ஒரு இதழ் அளவுக்கு.

அவள் நடந்தாள்.

"ஏம்மே! அங்கயே நில்லு!" வண்டிக்கு முன்னாலிருந்து கோவிந்தராஜ் கத்தினார். "நான்தான் எடுத்துகினு கீறேன்ல!"

"நீங்க எடுங்க மாமா. என்னுதுல ஜூம் இல்ல."

"சாஸ்திரம்னு ஒண்ணு இல்லியா? ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும். நான் போயிகினேதான் இருப்பேன்."

முன்னால் போன பறைக்காரர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அடி ஒரு கணம் தடுமாறியது. அவர் வண்டிக்குப் பக்கத்தில் ஓராள் நடக்கிற அளவுக்கு விலகிக்கொண்டார், மறுபடி அடித்தார். பின்னாலிருந்து ஷர்மிளாவின் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. வந்து சேர்ந்ததும் அம்மாவின் வெறுங்காலைப் பார்த்து, தன் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வடிவு வண்டியைத் தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டாள். கேமராவைத் தூக்கினாள். துணிக்கட்டு, கறுத்த நகம், அதன்மேல் எங்கிருந்தோ வந்து ஒட்டிய ஒரு ரோஜா இதழ். இதழின் நரம்புகள்கூடத் தெரிந்தன. அதற்குப் பின்னால் நீளமாக எதையோ பிடித்துக்கொண்டு கைகால்களை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பழுப்புக் கறை, மெதுவாக, ஏரியின் நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது.